பூட்டு மாமாவும் சிங்கப்பூர் ரோபோவும்

காரைக்குடியில் பூட்டு மாமாவிடம் போன ரகசியம் வெளியே வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கல்யாணத் தரகர். போன வீட்டில் காப்பி கொடுத்தார்களா, டீ கொடுத்தார்களா என்று கேட்டால்கூட, "அது அவுக வீட்டு விஷயம்" என்பார். இன்னொரு கிறுக்கும் உண்டு. பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல் எந்த வரனையும் முடிக்க மாட்டார். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

எனக்குச் சிங்கப்பூர் வரன் வந்தபோது நான் பி.எட். சேரத் துடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொன்னால் வீடு ரெண்டாகிவிடும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு ரோபோ பொம்மை அனுப்பினார்கள். ஆள் நடமாடினால் தலையைத் திருப்பி "ஹலோ" சொல்லும். வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டுக் கற்றுக்கொள்ளுமாம். அப்பா அதை நம்பி, மாமா என்னிடம் பேசவிருந்த, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மகள் மனசைத் தெரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

மாமா நுழைந்ததும் அது "ஹலோ" என்றது.

"இதை யாரு இங்க வச்சது?"

"சும்மா விளையாட்டுப் பொம்மைண்ணே," என்றார் அப்பா, கதவுக்கு அப்பாலிருந்து.

"நானும் ரெண்டு வீட்டுக்கும் போற ஆளுதான், தம்பி. ஆனா என் வாயி என்கிட்ட இருக்கு. இது வாயி யாருகிட்ட இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் பேசுறேன்."

மாமா தோள் துண்டால் அதன் கண்ணைக் கட்டி, பித்தளை அண்டாவுக்குள் இறக்கி, மூடி போட்டு, மேலே அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தார்.

"இனிமே சொல்லு, ஆத்தா."

கண்ணைக் கட்டியும் அடங்காமல், அண்டாவுக்குள்ளிருந்து கோயில் மணி மாதிரி "ஹலோ" கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் போனதும் அப்பா ரோபோவை வெளியே எடுத்து, "என்ன சொன்னா?" என்று கேட்டார். "ஹலோ" என்றது. பிற்பாடு மாமாவைக் கேட்டார். அவரிடமிருந்து அதுகூட வரவில்லை.

சம்பந்தம் நின்றது. "நான்தான் பேச்சைக் கெடுத்துப்பிட்டேன், தம்பி" என்று பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார் மாமா. ஒரு வரனை முடிக்கத் துப்பில்லாத ஆள் என்று அப்பா தெருவெல்லாம் திட்டினார். எதிரில் நின்று கேட்டுக்கொள்வாரே தவிர, மாமா வாய் திறந்ததில்லை. நான் பி.எட். முடித்து, பள்ளத்தூரில் டீச்சரானேன்.

இப்போது அப்பா, மாமா இருவருமே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டீச்சரான பிறகு நடந்த என் கல்யாணத்துக்கு அப்பா மாமாவை அழைக்கவில்லை. நானே போய் அழைத்தேன். பத்திரிகையை வாங்கிப் பார்க்காமலே, "பிடிச்சிருக்கா?" என்றார்.

"பிடிச்சிருக்கு மாமா," என்றேன்.

அதைக்கூட அவர் யாரிடமும் சொல்லவில்லை.