நெலிமாக்காவின் நிறைவு ஜெபம்

கென்யாவில் மக்களைக் கேட்காமல் அரசு ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் எங்களை அடிக்கடி கேட்பார்கள். பதிலையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கூட்டம் ஒன்பது மணிக்கு. அதிகாரி மகோகா ஒரு மணிக்கு எழுந்தருளினார். நாங்கள் அதற்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, ரொட்டி இருந்தவரை ஆளுக்கு அரை ரொட்டியும் சோடாவும் பெற்று, மக்களாட்சியை வாய் நிறைய மென்றுகொண்டிருந்தோம்.

நெலிமாக்கா மட்டும் ரொட்டியைத் தொடவில்லை. ஆற்றுத் தண்ணீரால் அவளுடைய சின்ன மகள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள்.

"ஐயா, அடிகுழாய் உடைஞ்சு நாலு மாசமாச்சு."

"இன்னிக்குப் பொருள் அது இல்லம்மா. மக்கள் பங்கேற்பை வலுப்படுத்துவது எப்படி, அதான்."

"அதான் பங்கேற்கிறேனே!"

"பங்கேற்கிறது வேற, பேசுறது வேற. கேள்வியெல்லாம் நிறைவு ஜெபத்துக்கு அப்புறம்."

"ஜெபம் முடிஞ்சதும் நீங்க வண்டியேறிடுவீங்களே?"

"நேரம் பத்தலைன்னா நான் என்ன பண்றது?"

அவர் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு, "நிறைவு ஜெபம் யார் பண்றீங்க?" என்றார். நெலிமாக்கா சட்டென்று எழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் ஜெபத்தை மறிக்கப் போலீஸ்காரனுக்கும் துணிச்சல் கிடையாது.

"ஆண்டவரே, மகோகா ஐயாவைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம். கண்ணைக் குடுத்தீரே, அந்த உடைஞ்ச குழாயை அவருக்குக் காட்டும். காதைக் குடுத்தீரே, என் புள்ள படுற பாட்டைக் கேக்க வையும். வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள சரிபண்ற மனசைக் குடும்!"

"ஆமென்!" தகரக் கூரை அதிர்ந்தது. மகோகாவும் வேறு வழியில்லாமல் சொன்னார். ஊரே கெலித்துவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வரவில்லை, கூட்டத் தீர்மானத்தின் நகல் வந்தது. 'அடிகுழாய் தொடர்பான மனுவைப் பொதுமக்கள் நேரடியாகக் கடவுளிடம் சமர்ப்பித்துவிட்டபடியால், இனி இதில் தலையிட இவ்வலுவலகத்துக்கு அதிகாரமில்லை. முன்மொழிந்தவர்: நெலிமா. வழிமொழிந்து ஆமென் கூறியோர்: பதிவேட்டில் கையெழுத்திட்ட நூற்று நாற்பத்து மூவர். எதிர்ப்பு: இல்லை. கோப்பு மூடப்பட்டது.'

நெலிமாக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "ஆபீசுக்குப் போய் இது பொய்னு சொல்ல யாரு என்கூட வர்றீங்க?"

ஆளாளுக்கு ஒரு வேலை நினைவுக்கு வந்து நகர்ந்தோம். அவள் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்கே போய்விடுவேன். போன தடவை கடைசியில் வந்தவர்களுக்கு ரொட்டி கிடைக்கவில்லை.