வாழைக்குத் தாலி கட்டிய வண்டு சார்

"பூச்சியப் பாத்தாலே அலறும். இந்தப் பொண்ணு ரெண்டு நாள் தாங்காது லா!"

விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமை கிளார்க் என் காதுபடவே சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் வரை தேறியது பூச்சியைப் பார்த்து அலறவா? அவர் என்னை எச்சரித்திருக்க வேண்டியது பூச்சியைப் பற்றி அல்ல, என் மேலதிகாரி வண்டு சாரைப் பற்றி.

கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளையை ஏறிட்டும் பார்க்காமல், வாசலில் கட்டிய வாழைமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய மனிதர் சிங்கப்பூரிலேயே அவர் ஒருவர்தான். பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, தண்டைக் கிள்ளி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். சிராங்கூன் ரோடு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்.

"சார், சோறு போடட்டுமா, இல்ல இலைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா?" என்பார் கடைக்காரர்.

சார் சிரிக்க மாட்டார். இளவயதில் பல வருஷம் உகாண்டாவில் வேலை பார்த்தவர். அங்கே வாழைக்காய்தான் சோறு. கூன்வண்டின் புழு கிழங்கைக் குடைந்துவிட்டால் ஒரு காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். அதை நம்பிய குடும்பம் பட்டினி. அந்தப் புழுவைத் தின்னும் ஒரு கறுப்பு வண்டு நம் பக்கத்து வாழைகளில் உண்டு. அதை உயிரோடு அங்கே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. இரண்டு முறை அனுப்பினார். இரண்டு முறையும் போய்ச் சேர்ந்தவை பிணங்கள்.

"இன்னும் ஒரு தடவைதான். அதுவும் செத்துப்போனா இந்த ஆராய்ச்சியவே மூடிடுவோம்" என்று மேலிடம் சொல்லிவிட்டது.

தீவெல்லாம் சலித்ததில் செம்பவாங்கில், கடற்கரையை ஒட்டிய கப்பல் பட்டறைத் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால், ஒரே ஒரு பழைய வாழையின் அழுகிய அடியில் போதுமான வண்டுகள் இருந்தன. முன்கூட்டியே பிடித்து டப்பாவில் அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே விமானம் கிளம்பும் நாளில்தான் எடுக்க வேண்டும். அடையாளத்துக்காக மரத்தில் சாயம் போகாத மஞ்சள் நூலைக் கட்டிவிட்டு வந்தார் சார்.

விமானம் கிளம்பும் நாளும் வந்தது. காலையிலேயே போனோம். மரம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

சார் காலி டப்பாவோடு பள்ளத்தின் விளிம்பில் நின்றார். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா சிரித்த முகத்தோடு வந்தார்.

"என்ன சார், பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க? எல்லாம் முறைப்படி செஞ்சாச்சு. தோஷம் போக வாழைக்குத் தாலி கட்டினா அப்புறம் மரத்த வெட்டணும்லா? நீங்க பாட்டுக்குக் கட்டிட்டுப் போயிட்டீங்க. எங்க வீட்டுக்காரருதான் பாவப்பட்டு, வேரோட தோண்டி, இப்பதான் கடல்ல விட்டுட்டு வந்தாரு. இனிமே உங்களுக்குப் பொண்ணு அமையும் பாருங்க."

"தாலியா! அது அடையாளம்மா!"

"மூணு முடிச்சு போட்டிருந்தீங்களே?"

"ஒரு முடிச்சுன்னா அவிழ்ந்துடும்ல!"

நான் அதற்குள் கடற்கரைக்கு ஓடியிருந்தேன். கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. மரம் கடலில் ஊன்றியிருந்த மீன்பிடிக் கழிகளைத் தாண்டி மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. என் பின்னாலேயே வந்த சார் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. கழுத்தளவு போனபிறகுதான் திரும்பி, "மிஸ், எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

அடுத்த நொடி தலையைக் காணோம்.

பொன்னம்மா அக்கா வீறிட்டார். நான் அவர் வீட்டுத் துணிக்கொடிக் கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தேன். சார் மேலே வந்தபோது இரண்டு கையாலும் வாழைமரத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். கயிற்றை எறிந்தேன். மரத்தை விட்டால்தானே கயிற்றைப் பிடிக்க முடியும்? விட மாட்டேன் என்கிறார்!

"கையை விடுங்க சார்!"

"வண்டு போயிடும் மிஸ்!"

"பாத்தியா, கட்டினவள விடமாட்டேங்குறாரே மனுஷன்!" என்று கரையில் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார் அக்கா.

கடைசியில் நான் நீந்திப் போய் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். அக்காவின் சத்தம் கேட்டு ஓடிவந்த பெண்கள் எல்லோருமாகக் கரைக்கு இழுத்தார்கள்.

மணலில் வைத்துக் கிழங்கைப் பிளந்தேன். முதல் துண்டில் உப்புத் தண்ணீர். இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவதில் ஒரு கறுப்பு வண்டு, கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தேன். சார் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருக்கென்று கடித்தது.

நான் அலறவில்லை. "உயிரோட இருக்கு சார்" என்றேன். அலறியது சார்தான்.

உள்ளே தண்ணீர் எட்டாத இடத்தில் மற்றவையும் இருந்தன. டப்பாவில் அடைத்து மாலை விமானத்தில் ஏற்றினோம். தந்தி வரும்வரை சார் கடையில் இலையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை, போட்டதைச் சாப்பிட்டார். உயிரோடு வந்து சேர்ந்தன என்று தந்தி வந்ததும், தலைமை கிளார்க்கின் மேசைமேல் ஏறி நின்று அதைப் படித்தார்.

அடுத்த டப்பாவைத் தானே கொண்டுபோன சார் உகாண்டாவிலேயே தங்கிவிட்டார். போன வாரம் கடிதம் வந்தது. வண்டுகள் ஊன்றி நிற்குமா என்று பார்க்கப் பல வருஷம் ஆகுமாம். கடித்தால் அலறாத ஓர் உதவியாளர் வேண்டுமாம். அவர் இருக்கும் ஊரின் ஓரத்தில் கடல்போல ஓர் ஏரியாம். கரை வரைக்கும் வாழைத்தோட்டமாம்.

சார் இன்னும் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. நேற்று நான் உகாண்டா போகிறவர்களுக்குப் போடும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன்.