மிட்டாய்க்கு ஆபரேஷன்

எந்த ஆபரேஷனும் இந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது. போன மாதம் நான் எடுத்த சபதம் அது.

துறைமுகத்தில் இழுவைக் கப்பல் இன்ஜினோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவன் நான். ஆபரேஷன் கத்தி என்றால் மட்டும் பயம். எனக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்யச் சொல்லி ஒரு வருஷமாகிறது. மனைவி மெட்டில்டாவிடம் சாக்குச் சொல்லியே நாளைக் கடத்தினேன்.

அந்த நேரம் பார்த்து, மகள் விட்டுப்போன ஹாம்ஸ்டர் மிட்டாய்க்கு வயிறு வீங்கியது. உள்ளங்கையில் அடங்குகிற எலி. மில்லர்புரத்தில் கால்நடை டாக்டர் ஐஸ்வர்யா ஒற்றை விரலால் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்.

"கருப்பையில கட்டி, சார். எடுத்தா பிழைக்கலாம். விட்டா ஒரு மாசம் தாங்காது."

எலியே கத்திக்குப் போனால் அடுத்தது நான்தானே? அதுவரை கட்டியவளுக்கு மட்டும்தான் பயந்தேன். அன்று முதல் கட்டிக்கும்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மெட்டில்டாவின் குரல் வந்தது.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"ஏளா, வெறும் வாயுவாம். சொட்டு மருந்து போதுமாம்."

"அப்படியா? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபரேஷன்னு எங்கிட்ட சொன்னாவளே!"

"எப்போ?"

"நீங்க பைக்குல வாரப்ப. போன்ல."

வெள்ளிக்கிழமை. மெட்டில்டாவும் கூட வந்தாள். ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே மிட்டாய்க்கு மயக்க மருந்து. வெளியே மருந்தில்லாமலே எனக்கு மயக்கம். அந்தத் துளியூண்டு வயிற்றைக் கிழிப்பார்களே! பொய் சொல்லி அதைச் சாகவிடப் பார்த்தேனே! மாதாவே, அதைக் காப்பாத்தும்.

நாற்பது நிமிஷம் கழித்து டாக்டர் வந்தார். தட்டில் கொண்டைக்கடலை அளவுக் கட்டி.

"முழுசா வந்துட்டு. மிட்டாய் கண்ணு முழிச்சிட்டா."

அழுதேவிட்டேன். "இவ்வளவுதானா? இதுக்கா பயந்தேன்!"

டாக்டர் டீ வரவழைத்தார். மெட்டில்டா டம்ளரைப் பிடுங்கினாள்.

"இவுக குடிக்கக்கூடாது, டாக்டர். ரெண்டு மணிக்கு இவுகளுக்கு ஆபரேஷன்."

"ஏளா! எனக்கா?"

"இவ்வளவுதானான்னு இப்பதானே கேட்டீங்க? ஆட்டோ வெளிய நிக்கி. ஏறுங்க."

மாவு புளித்துவிட்டது என்று காலையில் என்னைப் பட்டினி போட்டதன் காரணம் அப்போதுதான் உறைத்தது. ஓடப் பார்த்தேன். கை அவள் பிடியில் இருந்தது.

இன்று நாலாம் நாள். ஒரே அறையில் நானும் மிட்டாயும், ஆளுக்கொரு தையலோடு.

"தையலைக் கடிக்காம அதை நான் பாத்துக்கிடுதேன். நீ கோயிலுக்குப் போய்ட்டு வா" என்றேன், வீட்டுத் தலைவனாக.

மெட்டில்டா கூண்டருகே குனிந்தாள்.

"மிட்டாய், அப்பா தையலச் சொறிஞ்சா சத்தம் குடு, என்ன?"