குளவி கலைத்த ‘நாலாம் மலை’

ஒழுங்கான மனிதர்களால்தான் பெரிய குழப்பங்கள் உண்டாகின்றன. ஒழுங்கில்லாதவனை யாரும் நம்புவதில்லை. என்னை நம்பினார்கள்.

எங்கள் இசைக்குழு தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில் பாடகர் குழுவாகத்தான் தொடங்கியது. நான் கீபோர்ட். ஓப்பநாயக்க டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஹாஜியாரின் மகன் ரியாஸ் கிட்டாரோடு வந்ததும் பைலா ஆட்டப்பாட்டு புகுந்தது. தொழிலாளர் லயத்துச் செல்வம் தப்பு மேளத்தோடு வந்ததும் (ஃபாதரின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது) நாங்கள் கோயிலை விட்டு வெளியே வந்தோம். பிறகு சொந்தப் பாட்டுகள், பாதி தமிழ், பாதி சிங்களம். குழுவின் பெயர் ‘நாலாம் மலை’. இது என்ன வகைப் பாட்டு என்று கேட்டவர்களுக்கு எங்களால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

முதல் கச்சேரி, ஞாயிறு பின்னேரம், தோட்டத்து மைதானத்தில். ஹாஜியார் முன்வரிசையில் உட்கார்ந்து மகனைக் கூப்பிட்டார்.

“சனம் இருந்து கேட்டா பாடு, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். பாதியில எழும்பிப் போனா, நாளைக்கே கிட்டார வச்சிட்டுக் கடையில நிக்கணும். சரியா மகன்?”

“சரி வாப்பா.”

கோயிலை விட்டு வந்த எங்களில் பாடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் கடைக்குப் போனால் குழு முடிந்தது.

ஆகவே எல்லாவற்றையும் நானே சரிபார்த்தேன்: வயர், ஸ்பீக்கர், சனம் உட்காரும் கதிரை, மேடைப் பலகை. காலையில் பெய்த மழையில் தப்பின் தோல் தளர்ந்திருந்தது; நெருப்பில் காட்டினால்தான் சத்தம் எழும்பும்.

“எங்கண்ணே பத்த வைக்கிறது?” என்றான் செல்வம்.

மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய மரத்தடியைக் காட்டினேன். (காற்றடிக்காத இடம் என்று விளக்கம் வேறு.) ஈரச் சருகு புகைந்தது. புகை நேராக மேலே போனது. மேலே என்ன தொங்குகிறது என்று நான் பார்க்கவில்லை.

முதல் பாட்டு முடிவதற்குள் குளவி இறங்கியது.

எங்கள் பக்கத்தில் குளவி விளையாட்டல்ல. கொழுந்து மலையில் ஆளையே கொன்றிருக்கிறது. “குளவி!” என்று ஒரு குரல்தான் கேட்டது. அடுத்த கணம் கதிரைகள் மட்டும் மிஞ்சின. நானும் ஓடினேன். என் கீபோர்ட் மட்டும் கடமை தவறாமல் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

எல்லோரும் பக்கத்திலிருந்த பிள்ளைக்காம்பராவுக்குள் புகுந்தோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. தொட்டில்களுக்கு நடுவே ஹாஜியார், ஒரு கண் வீங்கி மூடிக் கிடக்க, மகனைப் பார்த்தார்.

“ஒரு பாட்டுக்கே எழும்பிட்டாங்களே மகன்.”

ரியாஸ் தலைகுனிந்தான். தாய்மார் தூக்கிக்கொண்டு ஓடிவந்த குழந்தைகள் வீறிட்டன.

“புள்ளைக பயந்து அழுவுது, சும்மா நிக்கிறீங்களே! எதையாச்சும் பாடித் தொலைங்க!” என்றாள் ஒரு தாய்.

கிட்டார் ரியாஸின் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பாடினான். செல்வம் ஜன்னல் கட்டையில் விரலால் தட்டினான். எனக்கு வேலையே இல்லை. (நாங்கள் முதன்முதலாக நன்றாக வாசித்தது அன்றுதான் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.) அழுகை அடங்கியது.

சில பாட்டுகளுக்குப் பின் தோட்டக் காவலுக்கு நிற்கும் வாச்சர் வந்து கதவைத் திறந்தார். “குளவி போயிருச்சு, வெளிய வாங்க!”

ரியாஸ் பாட்டை நிறுத்தவில்லை. ஹாஜியார் ஒற்றைக் கண்ணால் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“கதவு தொறந்துதானே கிடக்கு?” என்றார் என்னிடம்.

“ஆமாங்க ஹாஜியார்.”

“ஒருத்தரும் எழும்பல்ல.”

“இல்லீங்க.”

“அப்ப பாடட்டும்.”

அதன்பின் ‘நாலாம் மலை’ ஸ்பீக்கர் வைத்ததில்லை. கீபோர்டும் வேண்டாம் என்றார்கள். இன்றுவரை நான் கைத்தாளம் போடுகிறேன். வீட்டில் நான் தீக்குச்சியைக் கையிலெடுத்தால், அது ஜெபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றத்தான் என்றாலும், என் மகள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்பாள்:

“அப்பா, மேல பாத்தீங்களா?”