நண்பருடன் வரவும்

"நண்பர்னா... யாரு மாதிரிங்க?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"உங்க நண்பர் சார். உங்களுக்கு நண்பரா இருக்கிறவர்," என்றார் போனில் பேராசிரியை தாமரைச்செல்வி. ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர். "நீங்க எழுதிக்கிட்டிருக்கிற நாவலப் பத்திப் பேசப்போறீங்க. அதுவும் நட்பப் பத்தின நாவல். பக்கத்துல நிஜ நண்பர் ஒருத்தர் உக்காந்திருந்தா நல்லாருக்கும்ல? போஸ்டரே அடிச்சாச்சு சார். 'நாவலாசிரியர் இளவேனிற்கோவும் அவரது உயிர் நண்பரும்'னு. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு."

இளவேனிற்கோ என்பது ஒச்சப்பனின் புனைபெயர். அதை அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்டார். வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை, போஸ்டர்கள்தான் கூப்பிடும்.

நாலு வருஷமாக அவர் 'இரு தோள்கள்' என்று ஒரு நாவல் எழுதி வருகிறார். எழுநூறு பக்கம் தாண்டிவிட்டது. நட்பைப் பற்றி உலகத்தில் இதுவரை யாரும் ஒழுங்காக எழுதவில்லை என்பது அவருடைய திடமான கருத்து. இதைக் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஆள்தான் கிடைப்பதில்லை. அவருடைய புத்தக வெளியீட்டுக்கு எல்லாரும் வரவேண்டும். மற்றவர்கள் வீட்டு விசேஷம் என்றால் அவருக்கு அத்தியாயம் பாதியில் நிற்கும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்த நண்பரைப் பார்க்கப் போனார். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போகவில்லை, குறிப்பேடு கொண்டுபோனார். "வலி எப்படி இருக்கு? குத்துற மாதிரியா, அறுக்குற மாதிரியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்த நண்பர் குணமாகி வந்த பிறகு ஒச்சப்பனிடம் பேசவே இல்லை.

ஆக, வியாழக்கிழமைக்கு ஒரு நண்பர் வேண்டும். இன்று செவ்வாய்.

முதலில் பதிப்பாளர் துளசிராமுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான் உங்க பதிப்பாளர்," என்றார் துளசிராம்.

"பதிப்பாளரும் நண்பர்தானே?"

"நண்பரா இருந்தா உங்க அடுத்த நாவல வேண்டாம்னு சொல்லியிருப்பேன்ணே. சொல்ல முடியாமத்தான் பதிப்பாளரா இருக்கேன். வியாழக்கிழமை எனக்கு ஒடம்பு சரியில்ல."

"இன்னைக்கு செவ்வாதானய்யா?"

"இப்பவே ஒரு மாதிரி இருக்குண்ணே," என்று வைத்துவிட்டார்.

மனைவி முத்துமீனா வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த வாடிப்பட்டிக்காரரு அழகுபாண்டி இருக்காருல்ல? உங்ககூடப் படிச்சவரு. மக காதுகுத்துக்குப் பத்திரிகை வச்சாரு. எட்டு வருசம் இருக்கும். நீங்க போகல. பத்திரிகையில நம்பர் இருக்கும்."

ஒச்சப்பனுக்குப் பகீர் என்றது.

அழகுபாண்டி விஷயம் முத்துமீனாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மாவட்டச் சிறுகதைப் போட்டி ஒன்று வந்தது. அழகுபாண்டி தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் 'சோளக்காட்டுச் சண்டை' என்று ஒரு கதை எழுதியிருந்தான். "ஒன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு மாப்ள, நான் காப்பி எடுத்துத் தாரேன்," என்று வாங்கிய ஒச்சப்பன், காப்பி எடுத்து, கீழே தன் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டான். முதல் பரிசு. அந்தக் கதைதான் அவரை எழுத்தாளர் ஆக்கியது. அதற்கப்புறம் அவர் எழுதிய பன்னிரண்டு புத்தகங்களும் சேர்ந்து அந்த ஒரு கதை வாங்கிய பெயரை வாங்கவில்லை. இப்போது அது ஒத்தக்கடைக் கல்லூரியிலேயே பாடம்.

அழகுபாண்டி அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. பத்திரிகை வேறு அனுப்பியிருக்கிறான். முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று, மறந்திருப்பான் என்று ஒச்சப்பன் தம்மையே சமாதானம் செய்துகொண்டு அந்த நம்பருக்கு அடித்தார்.

"மாப்ள! நான் ஒச்சப்பன் பேசுறேன்டா!"

"சொல்லுங்க," என்றது மறுமுனையில் ஒரு குரல்.

சொல்லுங்களாம். ஒச்சப்பனுக்குச் சுருக்கென்றது. கோபம் இருக்கிறது. ஆனால் கோபத்தை எப்படிக் கரைப்பது என்று நாவலாசிரியருக்குத் தெரியாதா? குரலை நடுங்கவிட்டார், உடைத்தார், மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒன்னைய விட்டா யாருடா இருக்கா? நாளான்னைக்கு ஒத்தக்கடையில ஒரு கூட்டம். நீ வரலேன்னா என் மானம் போயிரும். இந்த நேரத்துல நீயும் கைவிட்டுட்டேன்னா நான் என்ன ஆவேன்?"

"அட, அழுகாதீங்க. நான் வந்து என்னத்தப் பேச?"

"நீ ஒண்ணுமே பேச வேண்டாம் மாப்ள! அதுதான் முக்கியம். சும்மா பக்கத்துல உக்காந்தாப் போதும்."

யாரிடமோ குசுகுசுவென்று பேசும் சத்தம் கேட்டது. "சரி, வாரோம்," என்றது குரல்.

வியாழக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் இறங்கினார். கூடவே பச்சைச் சேலையில் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் ஈர்க்குச்சியாக இருந்த அழகுபாண்டிக்குத் தொப்பை விழுந்து, தலை வழுக்கையாகி, மீசை மட்டும் அடர்த்தியாக இருந்தது. போனில் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து அவரே நேராக வந்து கும்பிட்டார்.

"ஆளே மாறிட்டயேடா!" என்று கட்டிப்பிடித்தார் ஒச்சப்பன்.

"ஆமா, கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருப்பேன்," என்றார் வந்தவர். "இது எங்க வீட்டுல. மாயக்கா. மகள அடுத்த வருசம் காலேசுல சேக்கணும், அப்படியே இந்தக் காலேசையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு கெளம்பி வந்துருச்சு."

கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எதற்கும் ஆழம் பார்த்துவிடுவோம் என்று ஒச்சப்பன் இருவரையும் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் கறிதோசை வாங்கிக்கொடுத்தார்.

"மாப்ள, பழசெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லீங்க." சொல்லிவிட்டு வந்தவர் மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒச்சப்பனுக்குப் பிடிக்கவில்லை. "பன்னெண்டாம் வகுப்பு...?"

"எனக்கும் பன்னெண்டாம் வகுப்புக்கும் சம்பந்தமே கெடையாதுங்க."

ஒச்சப்பன் பிய்த்த தோசையை இலையிலேயே போட்டார். குத்திக் காட்டுகிறான். முப்பத்தைந்து வருஷம் ஊறப்போட்ட குத்தல்.

வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். "உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லிரணும். மனசுல வச்சுக்கிட்டு மேடையில வந்து உக்கார எனக்குக் கூச்சமா இருக்கு."

"அப்புறம் மாப்ள! எல்லாம் அப்புறம்! தம்பி, இங்க இன்னும் ரெண்டு கறிதோசை, ஒரு பிளேட் கோலா உருண்டை!"

"வயிறு நெறைஞ்சிருச்சுங்க. அந்த விசயம் என்னன்னா..."

"சாப்புடு மாப்ள! சாப்பிடும்போது பேசக்கூடாது!"

அரங்கத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். வருகைப் பதிவு கூட்டம் முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டதால் யாரும் எழுந்து போக முடியாது. தாமரைச்செல்வி "உயிர் நண்பர் திரு. அழகுபாண்டி அவர்கள்" என்று அறிமுகப்படுத்தியதும் வந்தவர் அரைகுறையாக எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒச்சப்பன் தோளில் கைபோட்டு அமுக்கி உட்காரவைத்தார். பிள்ளைகள் அதைப் பாசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பிறகு ஒச்சப்பன் பேசினார். புனைவில் நட்பு என்பது என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். நட்பு என்பது இரண்டு மௌனங்களின் உரையாடல் என்றார். வரிசைக்கு நாலு பேர் தூங்கி, அதை நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

முத்துச்செல்வி என்கிற மாணவி எழுந்தாள். "சார், நாவல்ல அந்த ரெண்டாவது நண்பர் எப்ப சார் வருவாரு?"

"முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறான். நாலாவது அத்தியாயத்தில் செத்துப்போகிறான்."

"ஏன் சார்?"

"நட்பின் ஆழத்தைக் காட்டத்தான்."

"மிச்சம் அறுநூறு பக்கம் என்ன சார் வருது?"

"இவன் அவனை நினைத்து வருந்துகிறான்."

"அப்ப அவருக்குப் பேசறதுக்கே இடமில்லையா சார்?"

சிரிப்பு கிளம்பியது. தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். "நண்பர் பேசட்டும்! நண்பர் பேசட்டும்!" என்று பின்வரிசை கத்தியது.

"அவர் அதிகம் பேசாதவர்," என்று மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார் ஒச்சப்பன்.

"ஒரே ஒரு கேள்வி சார்," என்று தாமரைச்செல்வி வேறொரு மைக்கை வந்தவரிடம் நீட்டினார். "'சோளக்காட்டுச் சண்டை' எங்க பிள்ளைகளுக்குப் பாடம். அந்தக் கதை எப்படிப் பொறந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

வந்தவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாயக்காள், 'சொல்லுங்க' என்று தலையசைத்தாள்.

"அந்தக் கதையப் பத்தி நான் பேசக்கூடாதுங்க. அவரே சொல்லட்டும்," என்றார். "ஆனா இத்தன பேரு கைதட்டுனதுக்கப்புறம் நான் ஒரு உண்மையச் சொல்லாம எறங்குனா நல்லாருக்காது..."

முந்திக்கொண்டால் பாதியோடு தப்பிக்கலாம் என்று ஒச்சப்பனுக்குத் தோன்றியது. "நானே சொல்றேன்!" என்று கத்தினார். "அந்தக் கதையோட கரு... நாங்க ரெண்டு பேருமாச் சேந்து பேசுனது!"

"ஐயையோ," என்று வந்தவர் பதறினார். "எனக்கு அதுல பங்கே கெடையாதுங்க!"

அரங்கம் 'ஆஹா' என்றது. என்ன பெருந்தன்மை! ஆனால் ஒச்சப்பன் காதில் அது மிரட்டலாக விழுந்தது. பங்கா? பாதியை மட்டுமாடா ஒத்துக்கொள்கிறாய்? முழுசையும் சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

"சரிடா! முழுசும் ஒன்னோடதுதான்!" ஒச்சப்பனின் குரல் இந்தத் தடவை தானாகவே உடைந்தது. "ஒரு வரி நான் எழுதல. கணக்கு நோட்டுல இவன் எழுதி வச்சிருந்தான். நான் காப்பி எடுத்து, என் பேரப் போட்டு அனுப்பிச்சேன். முப்பத்தஞ்சு வருசமா அத வச்சுத்தான் எழுத்தாளன்னு திரியுறேன். போதுமாடா? போதுமா?"

முத்துச்செல்விதான் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"சார், அப்ப பரீட்சையில ஆசிரியர் குறிப்பு வந்தா யாரு பேர எழுதணும்?"

அவ்வளவுதான், அரங்கம் இடிந்தது. பிள்ளைகள் மேடையேறி வந்தவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு செல்ஃபி. ஒரு பையன் காலில் விழுந்தான். "இத்தன வருசம் காட்டிக்கொடுக்காம இருந்திருக்கீங்களே, இதுதான் சார் நட்பு!" என்று தாமரைச்செல்வியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். அதை வந்தவருக்குப் போர்த்தினார்கள். பாடத்தில் ஆசிரியர் பெயரை மாற்றக் கடிதம் எழுதப்போவதாகவும் மைக்கிலேயே அறிவித்தார்கள். வந்தவர் "இல்லீங்க... நான் இல்லீங்க..." என்று கும்பிடக் கும்பிடக் கைதட்டல் கூடிக்கொண்டே போனது.

வாசலில் வேப்பமரத்தடியில், ஒச்சப்பனின் சட்டைப்பையில் போன் நிற்காமல் துடித்தது. துளசிராம். பிள்ளைகள் எடுத்த காணொளி அதற்குள் அவர்வரைக்கும் போய்விட்டது. எடுக்கவில்லை. பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி அருகில் வந்தவரைப் பார்த்ததும் ஒச்சப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"முப்பத்தஞ்சு வருசம் மனசுல வச்சிருந்து, நேரம் பாத்து அறுத்துட்டயேடா! நீயெல்லாம் ஒரு நண்பனா?"

வந்தவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மாயக்காள்தான் முன்னால் வந்து, பதமாகச் சொன்னாள்:

"கோவிச்சுக்கிறாதீங்கண்ணே, இவரு பேரு சுருளி, அலங்காநல்லூரு, இந்த நம்பரு எங்களுக்கு வந்தே ரெண்டு வருசந்தான் ஆகுது, ராங் நம்பருன்னு சொல்றதுக்குள்ள நீங்க அழுதுட்டீங்களாம்... ஒரு சினேகிதங்கூட இல்லாத மனுசன் போல, பாவம்னுதான் ரெண்டு பேரும் பஸ்ஸேறி வந்தோம்."