காற்றாடிக்கு லைன் கிளியர்

மல்காஜ்கிரி,
12.3.1986

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் தேவசகாயம் அவர்கள் சமூகத்துக்கு, கொர்னேலியஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவகிருபையால் உங்கள் தங்கை சாராவும் நானும் சுகம். காற்றாடிதான் சுகமில்லை.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டயர் ஆனபின் மொட்டை மாடியில் காற்றாடி நட்டேன் அல்லவா? அதன் மோட்டார் தெருக்கம்பியோடு சேர்ந்தால்தான் கரண்ட் உண்டாக்கும், மிச்சத்தை ஊருக்கே கொடுக்கலாம். நல்ல காரியந்தானே? கரண்ட் ஆபீஸ் கிளார்க்கிடம் சொன்னால், "கைக்கு சாப், எதுக்கு சார்? எல்லாரும் கரண்ட் கேப்பாங்க, நீங்க குடுக்கிறேங்கிறீங்க! குடுக்கிறதுக்கு ஃபாரம் இல்ல, கேக்கிற ஃபாரத்துலயே எழுதுங்க" என்றார். எழுதினேன். வரிசையில் நாற்பத்தோராம் நம்பர். முதல் நம்பர்க்காரன் மாவு மில் வைக்கப்போறேன்னு எழுதிக் கொடுத்துட்டு மில்லும் வைக்கல, ஆளையும் காணல. அவன் வந்தாத்தான் அடுத்தவனாம்! "அவன் செத்திருந்தா?"ன்னு கேட்டேன். "அதையும் அவரே வந்து எழுதிக் குடுக்கணும்"ங்கார்.

முப்பது வருஷம் ரயில்வே சோறு தின்ன எனக்குப் பொறுக்குமா? 'முன்னால் நிற்கும் கூட்ஸைப் பக்கத்து லூப் லைனில் ஒதுக்கி, ரெடியாக உள்ள மெயிலை விடவும்' என்று பெரிய அதிகாரிக்கே மனு போட்டேன். வந்ததே வினை! மனுவில் கூட்ஸும் மெயிலும் இருப்பதால் ரயில்வேயின் ஆட்சேபணையில்லாச் சான்று வேணுமாம். அங்கே போனா, "உம்ம வீட்டு மாடியில எந்த ரயிலு ஓடுது?"ன்னு கேக்கான். இதுக்கு நடுவுல சாரா, "ஈஸ்டருக்குள்ள அதுல ஒரு பல்பாவது எரியணும், இல்லேன்னா காத்தாடி காயலான் கடைக்கு, எனக்குத் துணி காயப்போட மாடி வேணும்"னுட்டா. நாலு மாசம் சீவிச் சீவிச் செஞ்ச மர இறக்கைங்களாச்சே! உங்கள் சபைப் பாட்டுக்குழுவில் பாடும் இன்ஜினியருக்கு இங்குள்ள கரண்ட் ஆபீஸ் பெரிய அதிகாரி சிநேகிதராமே. எப்படியாவது சீக்கிரப்படுத்தச் சொல்லுங்கள்.

சாராவின் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் இல்லத்தில் சமாதானமும் தடையில்லாத கரண்டும் தங்குவதாக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
கொர்னேலியஸ்

பி.கு.: கவரை ஒட்டுமுன் கரண்ட் ஆபீஸ் ஜீப் வந்துவிட்டது! பெரிய அதிகாரி ரயில்வே சான்று கேட்காமலே என் யோசனையை அப்படியே ஒப்புக்கொண்டாராம். ரெடியாக இல்லாதவனுக்கு ஒதுக்கம், ரெடியானவனுக்கு உடனே லைன். நாற்பது பேரைத் தாண்டி முதலில் என் வீட்டுக்கே வந்தார்கள். மாடியேறினால் காற்றாடியில் இறக்கை இல்லை. சும்மாதானே நிக்குதுன்னு சாரா காலையில்தான் என்னை வைத்தே மூன்றையும் கழற்றிப் படுக்கப்போட்டு, அவற்றின் மேல் துணி விரித்து, கூழ்வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தாள். "காய ரெண்டு நாளாகும்"னு ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டரிடமும் சொல்லிவிட்டாள். இப்போது லூப்பில் நிற்பது நான்தான். மச்சான், அந்த இன்ஜினியரிடம் சீக்கிரப்படுத்தச் சொல்ல வேண்டாம். ரெண்டே ரெண்டு நாள் தாமதப்படுத்தச் சொல்லுங்கள்.