ரேடியேட்டர் அண்ணனும் செம்பு வைத்த கம்ப்யூட்டரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கோயில் விஷயத்தையும் கம்ப்யூட்டரையும் கலந்து எழுதினால் யாராவது மனம் வருந்துவார்களோ என்ற பயம். நான் அதிகம் படித்தவனும் இல்லை. ஆனால் எங்கள் மலைநாட்டு ராகலைக் கடைத்தெருவில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாக நடமாடுகிறது. ஆகவே, கண்ணால் கண்ட நானே சொல்லிவிடுகிறேன்.

ராகலைக் குளிரில் சூட்டுக்குப் பயந்து வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ரேடியேட்டர் அண்ணன். மரக்கறி லொறிகளின் ரேடியேட்டர் ஓட்டையை அடைப்பது அவர் தொழில். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் வீட்டாரே கொஞ்சம் யோசிப்பார்கள். நாங்களெல்லாம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்கும் மார்கழியில், வெறும் பெனியனோடு வந்து, "என்னா புழுக்கம் தம்பி" என்பார்.

எல்லாக் கோளாறுக்கும் சூடுதான் காரணம் என்பது அவர் கட்சி. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று யாராவது வந்தால், ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் குடிக்க வைத்த பிறகுதான் வழக்கைக் கேட்பார். ஒரு முறை ஏற்றத்தில் திணறிய மாப்பிள்ளைக் காரை வழிமறித்து, ஒரு வாளித் தண்ணீரை அதன் முகத்தில் ஊற்றினார். ஒட்டியிருந்த பூவெல்லாம் ரோட்டில். மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "பாத்தீங்களா, இவருக்கும் ஏறிருச்சு" என்று அண்ணன் அடுத்த வாளியைத் தேடினார். கோயிலில் பூசாரியிடம், "இன்னும் ரெண்டு கொடம் ஊத்துங்க சாமி, அம்மன் மொகத்துல சூடு தெரியுது" என்பார்.

அப்போது நான் கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். கலியாண வீடியோவைச் சீடியாக்கிக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர். கடையில் இடமில்லாததால், இரண்டு பாண் ரொட்டியை அடுக்கி வைத்த அளவில் ஒரு குட்டிப் பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பமே நெருக்கி இருப்பதுபோல அதற்குள் எல்லாம் நெருக்கி இருந்தது. வீடியோவைச் சீடிக்கு மாற்றும் பாதியிலேயே சூடேறிச் செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வந்தார் லெச்சுமியக்கா. ஒரே மகளின் கலியாணம் முடிந்த கையோடு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமை பகல் வேன்.

"மேடம் வீட்ல சீடி பொட்டி இருக்குதாம் தம்பி. புள்ளய நெனச்சா போட்டுப் பாத்துக்குவேன். அத மட்டும் குடுத்துருங்க."

பெட்டியோ மூன்றாம் முறையாகச் செத்திருந்தது. ரேடியேட்டர் அண்ணன் வந்து, நோயாளிக்கு வைப்பதுபோல அதன் மேல் கை வைத்தார்.

"காய்ச்சல் தம்பி. லொறிக்கு என்னா வைத்தியமோ அதுதான் இதுக்கும்."

ஒரு செப்புக் கட்டையில் தண்ணீர் ஓட வழி குடைந்து, கம்ப்யூட்டரின் மூளைச் சில்லின் மேல் உட்கார வைத்தார். தண்ணீரைச் சுற்றவிட மீன்தொட்டிப் பம்ப். பழைய வேன் ஒன்றில் கழற்றிய குட்டி ரேடியேட்டர். அது கம்ப்யூட்டரைவிடப் பெரியது. ஆகவே ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். "ராகலப் பனி சும்மாதானே வீணாப் போகுது." தண்ணீர் நிற்க, பெட்டியின் தலைமேல் ஒரு செப்புச் செம்பு.

வெள்ளிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். பெட்டி குளிர்ந்து போய் அழகாக ஓடியது. நான் வெற்றுச் சீடி வாங்க வெளியே போனேன். வழக்கம்போல என் மனைவி கடைக்கு விளக்கேற்ற வந்தாள். வெள்ளிக்கிழமை, செப்புச் செம்பு, அதில் நிறையத் தண்ணீர். குறையாகப் பட்டது அவளுக்கு. மஞ்சள் தூள் போட்டாள். கொத்தாக வேப்பிலை வைத்தாள். செம்புக்குப் பொட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் திரும்பி வந்தபோது பெட்டி செத்துக் கிடந்தது. வேப்பிலை சிக்கிப் பம்பும் கருகிவிட்டது. அண்ணனைக் கூட்டி வந்தேன். லெச்சுமியக்காவும் சொந்தக்காரர்களோடு வந்து சேர்ந்தார்.

"வெறுஞ் செம்பா இருந்துச்சு, அதான்..." என்று மனைவி அழத் தொடங்கினாள்.

"தங்கச்சி மேல தப்பில்ல" என்றார் அண்ணன். "நான் செம்ப வச்சேன், அவங்க வேப்பிலய வச்சாங்க. பம்புதான் பக்தி இல்லாத பய."

ஸ்டூலில் ஏறினார். செப்புக் கட்டைக்குத் தண்ணீர் போகும் மேல் குழாயில் ஒரு புனலைச் செருகினார். கீழ்க் குழாயை வாளிக்குள் விட்டார். "தொடங்குங்க தம்பி" என்று செம்பால் ஊற்ற ஆரம்பித்தார். பின்பக்கம் மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து லெச்சுமியக்காவின் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். தொட்டால் எலும்பு வலிக்கிற தண்ணீர். லெச்சுமியக்கா பெட்டிக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தட்டோடு வந்தாள்.

"கற்பூரம் மட்டும் வேணாம் தங்கச்சி. சூடு."

வேன் வந்து ஹோர்ன் அடித்தது. சாரதி இறங்கி வந்து சத்தம் போட்டார். அண்ணன் திரும்பியும் பார்க்காமல், "அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க" என்றார். குடித்துவிட்டு அவரும் வாளி தூக்கினார்.

கடைசியில் சீடி வெளியே வந்தது. லெச்சுமியக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"சூடா இருக்குதுங்களே அண்ணே."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும்மா. அது கலியாண வீட்டுச் சூடு. ஆற விடாம கொண்டு போங்க."

வேன் போன பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கினார். கை இரண்டும் நீலம் பாரித்திருந்தன. யாருடைய முகத்தையும் பார்க்காமல், "தங்கச்சி, சூடா ஒரு பிளேன்டீ கெடைக்குமா" என்றார்.

அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் கடைச் செம்பில் மஞ்சள், வேப்பிலை எதுவும் போடாமல் வெறும் தண்ணீர்தான் வைக்கிறாள்.

இதை யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்குள் மீன் நீந்தியது என்று சேர்க்க வேண்டாம். அம்மனே வந்து தண்ணீர் ஊற்றினாள் என்றும் வேண்டாம். அன்றைக்கு அந்த ஸ்டூலில் நின்றது, ஈரப் பெனியனோடு எங்கள் அண்ணன்தான்.